தட்டக்கா அடிச்ச ஒன்பது வரி

முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினவன் நான். ஒரு கோழிக்குஞ்சு மேலகூட ஏத்தினது கிடையாது. ஓய்வு வாங்கின மூணாம் மாசம், வீட்டு மாடிப்படியில பல்பு மாத்தறேன்னு ஸ்டூல் போட்டு ஏறி, இடுப்பு எலும்பை உடைச்சுக்கிட்டுக் கீழ வந்தேன். "படியில போய் யாராவது ஸ்டூல் போடுவாங்களா?"ன்னு என் மனைவி கேட்டா. இன்னிக்கும் கேக்கறா.

ஆனா இது என் கதை இல்லை. நான் படுத்திருந்த எலும்பு முறிவு வார்டுல சாப்பாட்டுத் தட்டு கொண்டு வர்ற ஒரு அம்மாவோட கதை. நடுநடுவுல நான் வருவேன். வராம முடியாது, ஏன்னா அந்தம்மாவோட எட்டு வருஷ உழைப்புல மண்ணைப் போட்ட புண்ணியவான் நான்தான்.

வார்டுல அவங்களுக்குப் பேரு தட்டக்கா. சொந்தப் பேரு சம்பள ஏட்டுல மட்டும்தான் இருக்கும்போல. பெரிய டாக்டரே "தட்டக்கா வந்தாச்சா?"ன்னுதான் கேப்பார். நான் அவங்களைவிட இருபது வயசு மூத்தவன், நானும் அக்கான்னுதான் கூப்பிட்டேன். குள்ளமா இருப்பாங்க. நடந்துக்கிட்டே பேசுவாங்க, பேசிக்கிட்டே திட்டுவாங்க. மூணு அடுக்கு வண்டியில நாற்பத்தெட்டு தட்டு. தட்டோட ஓரத்துல வெள்ளைப் பட்டை ஒட்டியிருந்தா சாதாரண சாப்பாடு, மஞ்சள்னா சர்க்கரைக்காரங்களுக்கு, நீலம்னா உப்பில்லாதது. நீலப் பட்டைக்காரர் ஒருத்தர் தினமும் ஒரு சிட்டிகை உப்புக்காகச் சண்டை போடுவார். "உப்பு போட்டா உங்க வீட்டம்மா என்னைத் திட்டுவாங்க, போடலேன்னா நீங்க திட்டுவீங்க. உங்க திட்டு எனக்குப் பழகிடுச்சு, சாப்பிடுங்க"ன்னு சொல்லிட்டு வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போயிடுவாங்க.

கொண்டு வந்து வைக்கறது அவங்க வேலையில பாதிதான். மீதிப் பாதி, தட்டைத் திரும்ப எடுக்கறது. ஒவ்வொண்ணையும் கையில வாங்கி, என்ன மிஞ்சியிருக்குன்னு பாத்து, ஒரு நீள நோட்டுல எழுதணும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு வரி, மூணு வேளைக்கு மூணு கட்டம். எழுதற வார்த்தை நாலே நாலு: முழுசு, பாதி, கொஞ்சம், தொடல. காலையில வர்ற டாக்டருங்க அந்த நோட்டைப் புரட்டிப் பாத்துட்டுத்தான் கட்டில் பக்கம் வருவாங்க. "வாய் பொய் சொல்லும், தட்டு சொல்லாது"ன்னு தட்டக்கா பெருமையா சொல்லுவாங்க. அந்தப் பெருமை நியாயமானதுதான். பக்கத்து அறையில ஒருத்தர் பிஸ்கட்டை ஒளிச்சு வச்சுத் தின்னதை, தட்டுல சூப் மிஞ்சியிருந்த அளவை வச்சே கண்டுபிடிச்சவங்க.

வீட்டுல ரெண்டு பொண்ணுங்க. வீட்டுக்காரர் ஒரு குடோன்ல வாட்ச்மேன். "வீட்டுல யாரு என்ன சாப்பிட்டாங்கன்னு நான் பாக்கறதே இல்லை, அதுக்கு யாரு ஓவர்டைம் குடுக்கறது?"ன்னு சொல்லுவாங்க. பெரிய பொண்ணு சும்மா இருக்காது. சாப்பிட்டு முடிச்சதும் தட்டைக் கவுத்துக் காட்டி, "எழுதிக்கோம்மா"ன்னு சொல்லுமாம். அதை என்கிட்ட சொல்லிட்டு அவங்களே சிரிப்பாங்க.

எட்டு வருஷமா ஒப்பந்த வேலை. வருஷா வருஷம் புதுப்பிச்சுக் குடுப்பாங்க, இல்லேன்னா இல்லை. நான் சேர்ந்ததுக்கு அடுத்த மாசக் கடைசியில நிரந்தரமாக்கறவங்க பட்டியல் வரப்போகுது, அதுல அவங்க ரெண்டாவதுன்னு ஆபீஸ் கிளார்க் காதுல போட்டு வச்சிருந்தார். அதுக்குள்ள நோட்டுல ஒரு தப்பு வரக் கூடாது. அவங்களுக்கு முன்னாடி இந்த வண்டியைத் தள்ளினவங்க, சாப்பிடாத சர்க்கரைக்காரருக்கு முழுசுன்னு எழுதி, அதை நம்பி நர்ஸ் ஊசி போட்டு, அவர் மயக்கமாகிப் பெரிய ரகளையாயிடுச்சு. அந்தம்மாவை அன்னிக்கே வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. இதையும் தட்டக்காதான் என்கிட்ட சொன்னாங்க. சொன்னதைக் கேட்டுட்டுத்தான் நான் பண்ணின காரியத்தைப் பண்ணினேன்.

ஆபரேஷன் நல்லாத்தான் நடந்துது. நாலாம் நாள் நெஞ்சுல சளி கட்டிக் காய்ச்சல் வந்துது. கிருமிக்கு மருந்துன்னு பாட்டில் பாட்டிலா ஏத்தினாங்க. ஒரு வாரத்துல காய்ச்சல் போச்சு. அது போன கையோட வயித்தால போக ஆரம்பிச்சுது. தண்ணி மாதிரி, ஒரு நாளைக்கு அஞ்சு தடவை.

இங்கதான் ஒரு வார்த்தை என்னைக் கவுத்துது. காலையில சின்ன டாக்டர் வந்தாங்க. என் மகள் வயசுதான் இருக்கும், ரொம்ப மரியாதைக்காரப் பொண்ணு. நாசூக்கா, "அய்யா, வெளிய போனீங்களா?"ன்னு கேட்டாங்க. நான் ஏதோ நினைப்புல, "எங்கம்மா போறது? கட்டிலை விட்டு இறங்கவே விடமாட்டேங்கறீங்களே"ன்னு சொல்லிட்டேன். அவங்க சிரிச்சுட்டு 'இல்லை'ன்னு எழுதிக்கிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாங்க. அதுக்கப்புறம்தான் எனக்கு உறைச்சுது, அவங்க கேட்டது எந்த வெளியன்னு. கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வெக்கம். அந்தச் சின்னப் பொண்ணுகிட்ட, சுத்தி இருபது கட்டில் காது குடுத்துக்கிட்டிருக்க, இதைப் போய் எப்படிச் சொல்றது? மறுநாளும் கேட்டாங்க. "இல்லம்மா"ன்னேன். மூணாம் நாளும் இல்லம்மா. பாவம், மூணு நாளாப் போகலையேன்னு கவலைப்பட்டு எனக்கு ஒரு வாரத்துக்குப் பேதி மாத்திரை எழுதிட்டாங்க. அதை வாங்கித் தலையணைக்கு அடியில வச்சுக்கிட்டு, அடுத்து கேட்டப்போ "ஆச்சும்மா"ன்னுட்டேன்.

என் மனைவிக்குத் தெரியும். தெரியாம எப்படி இருக்கும்? இடுப்பு ஒட்டற வரைக்கும் எல்லாம் கட்டில்லதான், கழுவி விடறது அவதான். அவளுக்கு முட்டிவலி வேற. குனிஞ்சு நிமிரும்போது ஒரு கையால கட்டில் கம்பியைப் பிடிச்சுக்குவா, ஆனா முகத்தை ஒரு தடவைகூடச் சுளிச்சதில்லை. சுளிச்சிருந்தாக்கூட எனக்குத் தாங்கியிருக்கும். "சிஸ்டர்கிட்ட சொல்லட்டுமாங்க?"ன்னு தினமும் கேப்பா. "வாயைத் திறந்தே, அப்புறம் பாரு. இன்னும் பத்து நாள் பிடிச்சு வச்சுடுவாங்க"ன்னு மிரட்டி வச்சிருந்தேன். அப்புறம் நானே ஒரு வழி கண்டுபிடிச்சேன். சாப்பாட்டை நிறுத்தினா வயிறு நின்னுடும், அவ குனியறதும் குறையும். இவ்வளவுதான் என் அறிவு.

ஆனா தட்டை அப்படியே திருப்பி அனுப்பினா தட்டக்கா விடமாட்டாங்களே. அதுக்கும் ஆள் கிடைச்சான். அடுத்த கட்டில்ல ஒரு கொத்தனார். சாரத்திலேருந்து விழுந்து காலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாங்க. இருபத்தாறு வயசு, கல்லைத் தின்னாலும் கரையற வயிறு, ஆஸ்பத்திரி அளவு அவனுக்கு எந்த மூலைக்கு? கை நீட்டினா எட்டற தூரம்தான். "தம்பி, இதையும் ஒரு கை பாரு"ன்னேன். பையன் எனக்கு உபகாரம்னு நினைச்சுப் பாத்தான். என் மனைவி அந்த நேரம் கேன்டீனுக்குச் சாப்பிடப் போயிருப்பா, அதனால அவளுக்கும் தெரியாது. நான் ரெண்டு வாய் டீ, கொஞ்சம் கஞ்சித் தண்ணி, அவ்வளவுதான். மீதியெல்லாம் கொத்தனார் கணக்கு.

"பாத்தீங்களா டிரைவரய்யா, நாலு திட்டு திட்டினாத்தான் உங்களுக்கு உள்ள இறங்குது"ன்னு தட்டக்கா சந்தோஷமா முழுசுன்னு எழுதினாங்க. இப்படியே ஒன்பது நாள். வயிறு நின்னுச்சான்னா, அதுவும் இல்லை. அஞ்சு தடவை நாலாச்சு, அதான் லாபம்.

அந்த வாரக் கடைசியில என் ரெண்டு காலும் உப்ப ஆரம்பிச்சுது. கணுக்கால், ஆடுசதை, அப்புறம் முகம். என் மனைவிக்கு வாயெல்லாம் பல்லு. "ஆள் பூசினாப்ல ஆயிட்டீங்க"ன்னு கன்னத்தைத் தொட்டுப் பாத்தா. பாக்க வந்த மச்சினனும் "ஆஸ்பத்திரிச் சாப்பாடு ஒத்துக்கிச்சு போல"ன்னு கிண்டல் பண்ணினான். சின்ன டாக்டர் நோட்டைப் புரட்டினாங்க, முழுசு, முழுசு, முழுசு. "நல்லா சாப்பிடறார், படுத்தே இருக்கறதால வீக்கம்"ன்னு காலுக்குக் கீழ தலையணை வைக்கச் சொன்னாங்க. ரத்தத்துல புரதம் எவ்வளவு இருக்குன்னு திரும்பப் பாக்க வேண்டியதை, சாப்பிடற ஆளுக்கு அவசரமில்லைன்னு அடுத்த வாரத்துக்குத் தள்ளினாங்க. அவங்களைத் தப்பு சொல்லவே மாட்டேன். எழுதியிருந்ததை நம்பினாங்க.

பத்தாம் நாள் மத்தியானம் கோழித்துண்டு வச்சிருந்தாங்க, எலும்போட. வழக்கம்போல அது கொத்தனார் பக்கம் போயிட்டு, தட்டு மட்டும் என் பக்கம் வந்துது. தட்டக்கா வந்து தட்டைக் கையில எடுத்தாங்க. பென்சிலை எடுத்தவங்க, எழுதாம அப்படியே நின்னாங்க. தட்டுல எலும்பு நொறுங்கிக் கிடந்துது. உள்ள இருக்கற மஜ்ஜைகூட விடாம உறிஞ்சியிருந்தான் படுபாவி. தட்டைப் பாத்தாங்க. அலமாரி மேல தண்ணி டம்ளர்ல கிடக்கற என் பல்செட்டைப் பாத்தாங்க. ஆபரேஷன் ஆன நாளிலேருந்து அது டம்ளரை விட்டு வெளிய வந்ததில்லை, ஈறு இளைச்சிருந்ததால, போட்டா கழண்டு விழுந்துடும். அப்புறம் கொத்தனாரைப் பாத்தாங்க. அவன் குச்சியால பல்லு குத்திக்கிட்டிருந்தான்.

"டிரைவரய்யா, வாயைத் திறங்க."

திறந்தேன். வேற என்ன பண்ண?

"இந்த ஈறுதான் இந்த எலும்பை உடைச்சுதா?"

அவங்க போர்வையை விலக்கி, முழங்காலுக்குக் கீழ கட்டை விரலால ஒரு அழுத்து அழுத்தினாங்க. விரலை எடுத்தப்புறமும் குழி அப்படியே நின்னுச்சு. "சாப்பிடாத மனுஷன் எப்படிய்யா பூசுவான்? இது சதை இல்லை, தண்ணி. எத்தனை நாளா?" அந்த நேரம் பாத்து என் மனைவி கேன்டீன்லேருந்து வந்துட்டா. நான் கண்ணாலயே மிரட்டினேன், அவ என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. வயித்தால போறது, சொல்லக் கூடாதுன்னு நான் மிரட்டினது, எல்லாத்தையும் கொட்டிட்டு அழுதா. கொத்தனாரும் ஒன்பது நாள்னு ஒத்துக்கிட்டான்.

அவனே பயந்துபோய் ஒரு யோசனையும் சொன்னான். "தட்டக்கா, இன்னியிலேருந்து டிரைவரய்யா சாப்பிடட்டும், நீங்களும் இன்னியிலேருந்து சரியா எழுதுங்க. வயித்துக்கோளாறை மட்டும் டாக்டர்கிட்ட சொல்லிக்கலாம். பழைய பக்கத்தை யாரு புரட்டப் போறாங்க? பட்டியல் வர்ற நேரம் வேற." நானும் ஆமாம்மா, ஆமாம்மான்னேன். உண்மையிலேயே யாரும் புரட்டியிருக்க மாட்டாங்க.

தட்டக்கா தலையை ஆட்டி மறுத்தாங்க. "இன்னியிலேருந்துதான் சாப்பிடலேன்னு சொன்னா, ஒரு நாள் பட்டினின்னு நினைச்சு நிதானமா வைத்தியம் பண்ணுவாங்க. ஒன்பது நாளுன்னு தெரியணும்"னு சொல்லிட்டு, பென்சிலை வச்சுட்டுப் பேனாவை எடுத்தாங்க. பக்கம் பக்கமா பின்னால புரட்டி, என் பேருக்கு நேரா இருந்த ஒன்பது வரியையும் குறுக்க அடிச்சாங்க. ஓரத்துல, "தவறு. இவர் சாப்பிடவில்லை. நான் நின்று பார்க்கவில்லை"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க. நாற்பது தட்டு எடுக்காம கிடக்க, வண்டியை நடுவழியில விட்டுட்டு, நோட்டோட சிஸ்டர் மேஜைக்கு நடந்தாங்க.

அதுக்கப்புறம் எல்லாம் ஓட்டம்தான். ரத்தம் எடுத்தாங்க. மூணரைக்கு மேல இருக்க வேண்டிய புரதம் ஒண்ணு புள்ளி ஏழு. மலத்தையும் சோதிச்சாங்க, குடல்ல கிருமித்தொற்று. பெரிய டாக்டர் என் மனைவிக்குப் பொறுமையா விளக்கினார். சளிக்குக் குடுத்த மருந்து குடல்ல இருந்த நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கொன்னுடுச்சு, காலியான இடத்துல இந்தக் கெட்டது உக்காந்துக்கிச்சு. குடல் புண்ணாகி அதுவழியாவும் புரதம் போச்சு, சாப்பிடாததால உள்ளயும் வரல. ரத்தத்துல இருக்கற அந்தப் புரதம்தான் தண்ணியை ரத்தக்குழாய்க்குள்ள பிடிச்சு வைக்குமாம். அது குறைஞ்சா தண்ணி கசிஞ்சு காலுக்கு இறங்கிடும். "புரதம் இவ்வளவு குறைஞ்சவங்களுக்கு இந்தத் தொற்று வந்தா தாங்கறது கஷ்டம். இன்னும் ரெண்டு நாள் கழிச்சுத் தெரிஞ்சிருந்தா, நான் உங்ககிட்ட வேற மாதிரி பேசிக்கிட்டிருப்பேன்"னு சொன்னாராம்.

இந்தக் கிருமிக்குன்னு வேற மருந்தை வாய்வழியா குடுத்தாங்க. தனி அறையில போட்டாங்க. உள்ள வர்றவங்க எல்லாரும் சோப்பு போட்டுத்தான் கை கழுவணும், சும்மா தடவிக்கற திரவத்துக்கு அந்தக் கிருமி சாகாதாம். முதல் ரெண்டு நாள் எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லை. கொத்தனாருக்கும் சோதிச்சாங்க, ஒண்ணும் இல்லை. ஆனாலும் அவன் பயத்துல கையைத் தேய்ச்சுத் தேய்ச்சுத் தோலை உரிச்சுக்கிட்டான். என் தலையணைக்கு அடியிலேருந்து ஏழு பேதி மாத்திரையை எடுத்த சின்ன டாக்டர் அப்படியே உக்காந்துட்டாங்களாம். அன்னியிலேருந்து அவங்க வெளிய போனீங்களான்னு யாரையும் கேக்கறதில்லை. "மலம் போச்சா, எத்தனை தடவை, தண்ணியாவா கட்டியாவா?"ன்னு வார்டே அதிர்ற மாதிரிதான் கேக்கறாங்க.

எனக்குக் கொஞ்சம் தெளிஞ்சதும் விசாரணை வந்துது. சூப்பிரண்டு, சாப்பாட்டுப் பிரிவு மேடம், கூடவே தட்டக்கா, மூணு பேரும் மேலங்கி மாட்டிக்கிட்டு என் அறைக்கே வந்து நின்னாங்க. நான் முந்திக்கிட்டேன். தப்பு மொத்தமும் என்னுது, இந்தம்மாவை ஏமாத்தினது நான், ஏன் ஏமாத்தினேன்னா என் பொண்டாட்டி குனிஞ்சு குனிஞ்சு கழுவறதைப் பாக்கச் சகிக்கலன்னு, அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டேன். என் மனைவி மூலையில நின்னுக்கிட்டிருந்தா. "நான் கழுவறது உங்களுக்குக் கஷ்டமா இருந்தா கண்ணை மூடிக்க வேண்டியதுதானே. சாகவா பாப்பாங்க?"ன்னா.

சூப்பிரண்டு கெட்டவர் இல்லை. தட்டக்காவைப் பாத்து, "நீங்க அடிக்காம விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதேம்மா. பட்டியல் வர்ற நேரம்னு தெரியாதா?"ன்னு கேட்டார்.

"தெரியும் சார். அடிக்காம விட்டு, இவர் போயிருந்தார்னா, ஒன்பது நாளும் வயிறாரச் சாப்பிட்டுட்டுப் போனார்னு என் கையெழுத்துல இருந்திருக்கும். அதை வச்சுக்கிட்டு நான் நிரந்தரமாகி என்ன பண்ண?"

அவர் அதையும் எழுதிக்கிட்டுப் போனார். ஆஸ்பத்திரி விதி விதிதான் போல.

தொற்று அடங்கி, மறுபடி என்னை வார்டுக்கு மாத்தினாங்க. கால் வீக்கம் வடிஞ்சு, புரதம் ரெண்டு புள்ளி எட்டுக்கு ஏறியிருந்துது. மறுநாள் காலையில பட்டியல் ஒட்டினாங்க. இதுக்குள்ள காலை இறக்கிவிட்டிருந்த கொத்தனார் ஊன்றுகோலை ஊன்றிப் போய்ப் பாத்துட்டு வந்து, என் முகத்தைப் பாக்காம படுத்துக்கிட்டான். தட்டக்கா பேரு அதுல இல்லை. அடுத்த நாளிலேருந்து கீழ சமையல்கட்டுல பாத்திரம் கழுவற வேலை, அதுவும் பழைய ஒப்பந்தத்துலயே. வார்டுக்கு வண்டியோட வர்றது அன்னிக்குத்தான் கடைசின்னு சிஸ்டர் சொன்னாங்க.

மத்தியானம் வந்தாங்க. எல்லாரையும் வழக்கம்போலத் திட்டிக்கிட்டே வந்து என் தட்டை வச்சாங்க. மசிச்ச சோறு, முட்டை, பருப்பு. என்னால கையை நீட்ட முடியல.

"எடுத்துக்கிட்டுப் போயிடுங்கம்மா. உங்க எட்டு வருஷத்தைத் தின்னுட்டேன். இதுக்கு மேல என் தொண்டையில என்ன இறங்கும்?"

தட்டக்கா வண்டியை ஓரமா நிறுத்தினாங்க. என் மனைவி உக்கார்ற ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. அந்த வார்டுல அவங்க உக்காந்து நான் பாத்ததில்லை.

"நல்லாக் கேட்டுக்குங்க டிரைவரய்யா. வேலை போகும்னு தெரிஞ்சுதான் அடிச்சேன். அன்னிக்கு ராத்திரி என் வீட்டுக்காரர் மடியில தலை வச்சு அழுதேன், அதுவும் உண்மைதான். ஆனா நீங்க பொழைக்கணும்னு அடிச்சேன். இப்ப என்னை நினைச்சு நீங்க சாப்பிடாமப் படுத்தீங்கன்னா, எனக்கு அதுவும் போச்சு, இதுவும் போச்சு. அப்ப நான் எதுக்குய்யா அதை அடிச்சேன்?"

நான் ஸ்பூனை எடுத்தேன். அழுகையும் மூக்குமா, பல்லில்லாத வாயால மென்னு மென்னு சாப்பிட்டேன். அவங்க எழுந்திருக்கவே இல்லை, ஒவ்வொரு வாயும் உள்ள போறதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாங்க. வண்டியில இன்னும் இருபது தட்டு ஆறிக்கிட்டிருந்துது. அன்னிக்கு ஒருத்தரும் சாப்பாடு கேட்டுச் சத்தம் போடல.